வெயிலுக்குக் கூலி

முடியை ஆங்காங்கே ப்ளீச்சால் வெளுக்கும் ஹைலைட்ஸுக்காக சலூன் நாற்காலியில் சாய்ந்ததுமே கேள்வி: ஃபாயிலா, கேப்பா, பாலயாஜா? ஃபாயில் என்றால் முடியைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து அலுமினியத் தாளில் மடிப்பார்கள், பரோட்டா பார்சல் மாதிரி. கேப் என்றால் துளைபோட்ட குல்லாய் வழியே ஊசிக்கொக்கியால் வெளியே இழுப்பார்கள். கண்ணில் நீர் வரும். பாலயாஜ், 1970களில் பாரிஸில் பிரபலமானது. தூரிகையால் கைபோன போக்கில் தீட்ட, வெயில் தானாக வெளுத்ததுபோல் தெரியுமாம். நாற்று நடுகிறவர் தலையில் வெயில் இதை இலவசமாகவே செய்கிறது. அதை யாரும் ஸ்டைல் என்று சொன்னதில்லை. நம் கருங்கூந்தலோ ப்ளீச் பட்டதும் முதலில் செம்பட்டையாகும். அந்தச் செம்பட்டையைப் போக்கத்தான் பாட்டிமார் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சினார்கள். இங்கே அதற்கு டோனர் உண்டு, பில் தனி.