புள்ளி ஒன்று அண்ணன்

மாடிப்படி ஏறும்போது கைப்பிடிக் கம்பி லேசாக அதிர்ந்தால், மூன்றாம் மாடி அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். எல்லாக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் உண்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது ரிச்சி தெருவில் கண்ணில் படுவார். 50,000 ரூபாய்க்குள் ஹோம் தியேட்டர் என்று அவர் ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் வீட்டில் சொன்ன விலைகளைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் 48,000தான்.

சினிமா ஒலியின் சரித்திரமெல்லாம் அத்துப்படி. "95ல குருதிப்புனல், டால்பி. 96ல கருப்பு ரோஜா, டிடிஎஸ். 2012ல சிவாஜி 3டி, அட்மாஸ்" என்று குலதெய்வக் கதை மாதிரி ஒப்பிப்பார். எதை முதலில் வாங்குவது என்பதில்தான் சறுக்கல். படத்தில் பேச்சு பெரும்பாலும் வருவது டிவிக்குக் கீழே வைக்கிற சென்ட்டர் ஸ்பீக்கரில். கையில் காசு கம்மி என்றால் முன்பக்க மூன்றையும் நல்லதாக வாங்கிவிட்டு மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் முதலில் தூக்கி வந்தது 12 அங்குல சப்வூபர். அதாவது, 5.1இல் புள்ளிக்கு அப்புறம் இருப்பதை!

அதைக் கொண்டுபோய் மூலையில் வைத்தார். மூலையில் வைத்தால் இடி இன்னும் கூடும். பக்கத்து அலமாரியில் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் டம்ளர்கள், ஒவ்வொரு குண்டுவெடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இடைவேளைக்குள் விளிம்புக்கு வந்துவிடும். அண்ணி எழுந்து போய் உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்காருவார். பழகிவிட்டது.

போன மாதம் என்னைப் படம் பார்க்கக் கூப்பிட்டார். மழை கேட்டது, தவளை கேட்டது, தலைக்குப் பின்னால் ஹெலிகாப்டர்கூடக் கேட்டது. கதாநாயகன் வாயசைத்தான், பேச்சைக் காணோம். தமிழ்ப் படத்துக்குக் கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ரிசீவர் செட்டிங்கைப் பார்த்தால், சென்ட்டர் இருப்பதாகப் போட்டு வைத்திருக்கிறார். வசனமெல்லாம் ஒயரே சொருகாத ஓட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, சென்ட்டர் இல்லைன்னு மாத்திடுங்க. பேச்சு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வந்துடும்."

"அது அட்ஜஸ்ட்மென்ட், தம்பி. உண்மையான 5.1 ஆகாது. சென்ட்டர் தீபாவளிக்கு வருது."

காபி கொண்டுவந்த அண்ணி, வெறும் சுவரையும் டைல்ஸ் தரையையும் காட்டி, "கனமா ஒரு திரைச்சீலையும் கீழே ஒரு ஜமுக்காளமும் போடச் சொல்லுங்க தம்பி. எதிரொலியாவது அடங்கும்" என்றார். அந்த வீட்டில் ஒலி விஷயம் தெரிந்தவர் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. "ஜமுக்காளத்துல என்ன சவுண்டு வரும்?" என்று அண்ணன் சிரித்தார்.

எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அண்ணி சீரியல் போட்டார், டிவியோடு வந்த ஸ்பீக்கரில். மாமியார் விட்ட சாபம் ஓர் எழுத்துப் பிசகாமல் காதில் விழுந்தது.

எந்தத் தீபாவளி என்று மட்டும் நான் கேட்கவில்லை. அதே மாடியில்தான் நானும் குடியிருக்கிறேன்.