கீரைக் குழம்பு வழக்கு

கெடாவின் பழைய கதையெல்லாம் ‘ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா’ என்ற பழைய மலாய் நூலில் இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். கூடவே, ரோம் இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் கல்யாணமே நடக்காது என்று நபி சுலைமானிடம் கருடன் பந்தயம் கட்டுகிறது. காலக் கணக்குப் பார்க்கிறவன் அங்கேயே மூட்டை கட்டிவிடுவான்.

நாம் கோரைப்பல் ராஜா வரும்வரை உட்கார்ந்திருப்போம். பெயர் ராஜா பெர்சியோங். அரண்மனைச் சமையல்காரி கீரை அரியும்போது கையை வெட்டிக்கொள்கிறாள். ரத்தம் குழம்பில் விழுகிறது. ராஜா வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “என்னத்தப் போட்ட?” என்று மிரட்ட, அவள் உண்மையைக் கக்கிவிடுகிறாள்.

இனிமேல்தான் நீதி நிர்வாகம். எடுத்த எடுப்பில் ராஜா தெருவில் போகிறவனைப் பிடிக்கவில்லை. முதலில் மரண தண்டனைக் கைதிகள். அவர்கள் தீர்ந்ததும் சில்லறைத் திருடர்கள். அப்புறம் ஒன்றும் செய்யாத அப்பாவிகள். கருடன் கப்சாதான், ஆனால் இந்த வரிசை அசல் சரக்கு. எழுதினவர் ஏதாவது கச்சேரி வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எஸ்டேட்காரனுக்கு இது புதிதில்லை. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, பிந்தி வந்தால் கிராணி பேரை வெட்டுவார், தண்டல் சாட்சி சொல்வார், தொரை தீர்ப்பு. அப்பீல் பால்மரத்திடம்தான். பக்கத்துப் பினாங்கு, செபராங் பிறையில் அந்தக் காலத்து ஒப்பந்தக் கூலி வேலைக்கு வராமல் போனால் ஜெயில் என்று சட்டமே இருந்தது. அதை எழுதியவர்களுக்குக் கோரைப்பல் கிடையாது, டை கட்டியிருந்தார்கள்.

1968இல் ராஜா பெர்சியோங் சினிமாவாக வந்தது. கதை யார்? பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான்! கெடா அரச குடும்பத்துப் பிள்ளை, லண்டனில் படித்த பாரிஸ்டர், கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். ராஜாவைக் குறுக்கு விசாரணை செய்ய இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?

மந்திரிகள் எதிர்த்ததும் ராஜா ஓடிப்போய், கோரைப்பல்லைப் பிடுங்கி எறிந்த இடம் பாலிங் என்கிறது ஊர்க் கதை. அதே பாலிங்கில், ஒரு பள்ளிக்கூடத்தில், 1955 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கெரில்லாத் தலைவர் சின் பெங்கை எதிரே உட்காரவைத்து ஆயுதத்தை எறியச் சொன்னார் துங்கு. இரண்டு நாள் பேசினார்கள். சின் பெங் எதையும் எறியவில்லை. காட்டுக்கே திரும்பிவிட்டார்.

அந்தச் சமையல்காரி? மறுநாளும் அவள்தான் கீரை அரிந்திருப்பாள். ராஜாவுக்கு வேறு கைப்பக்குவம் பிடிக்குமா என்ன?