ஆட்டம் முடிந்த பின் வரும் ஞானம்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அணியை நடத்தியவர் யாரும் இதுவரை ஒரு மேட்ச்கூடத் தோற்றதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு முடிவெடுப்பதில் உள்ள வசதி அது.

2007 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். மிஸ்பா ஒரு சிக்ஸர் அடித்ததும், "இவனுக்கா ஓவர் கொடுப்பாங்க?" என்று தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்த பந்தை அவர் தூக்கிவிட, ஸ்ரீசாந்த் பிடித்தார். 5 ரன்னில் வெற்றி. தீர்ப்பு சொன்ன அதே வாய், "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றது.

2011 ஒருநாள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் யுவராஜுக்கு முன்னால் இறங்கி ஆட்டமிழக்காமல் 91 எடுத்த தோனி மேதை. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் அதே தோனியை ஏழாவதாக இறக்கி, நியூசிலாந்திடம் 18 ரன்னில் தோற்றதும், பயிற்சியாளர் ரவி சாஸ்திரிக்கு ஒன்றும் தெரியாது. முன்னதாக இறக்கி, அவர் சீக்கிரம் அவுட்டாகியிருந்தால்? அதற்கும் ஒரு பத்தி தயாராகத்தான் இருந்திருக்கும்.

ஐயா, அடுத்த மேட்சுக்கு உங்கள் யோசனையை டாஸுக்கு முன்பே எழுதி, கையெழுத்துப் போட்டு, டீ மாஸ்டரிடம் கொடுத்துவையுங்கள். ஆட்டம் முடிந்ததும் பிரித்துப் படிப்போம்.