அரைக்கூலிக் கணக்கு

கேள்வி: குழந்தைத் தொழிலாளர் முறையைத் தடை செய்தால் ஏழை வீட்டில் அடுப்பு எரியுமா? (வாசகர், வுப்பர்டால், ஜெர்மனி)

பதில்: அப்பாவுக்கு முழுக்கூலி கொடுத்தால் நன்றாகவே எரியும்!

இன்று உங்கள் ஊரின் பகுதியான எல்பர்ஃபெல்டில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 2,500 பேரில் 1,200 பேர் படிப்பை இழந்து ஆலையில் வளர்வதாக 1839இல் எழுதினார், பின்னாளில் பொதுவுடைமைச் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற, அப்போது 18 வயதான ஏங்கெல்ஸ். பெரியவருக்கு இரட்டைக் கூலி தரவேண்டுமே என்றுதான் பிஞ்சுக் கைகளைத் தேடினார்கள் முதலாளிகள். ஆக, மகன் ஆலைக்குள் போனான். அப்பன் வேலையிழந்து வெளியே வந்தான்!

அதேபோல இன்று உங்கள் ஊரின் பகுதியான பார்மனின் ஆலை அதிபர் ஷூகார்ட்டே இந்த வழக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1839இலேயே, அந்தப் பகுதியை அப்போது ஆண்ட பிரஷ்யா 9 வயதுக்குட்பட்டோரை ஆலையில் சேர்க்கத் தடை விதித்தது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரம்பைப் படிப்படியாக 12 ஆக்கியது.

இந்தியாவிலோ, 2016 முதல் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலைக்கும் வைக்கத் தடை. ஆனால், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை. அதையும் அடைக்க வேண்டும்.