இன்னுமா படிக்கலை?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கூடுவோம். நிகழ்ச்சியின் பெயர் 'சமீபத்தில் படித்தது'. ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒருவர் சொல்கிற புத்தகத்தை மற்றவர்கள் குறித்துக்கொண்டு போய்ப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடப்பது வேறு. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொல்லத்தான் எல்லாரும் வருகிறோம். கேட்க வருகிறவர் எதிர் டீக்கடைக்காரர் ஒருவர்தான். அவரும் "எத்தனை டீ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதலில் எழுவது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. எந்த மாதமானாலும் அவர் சமீபத்தில் படித்தது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது அவருடைய அப்பா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த பிரதி. முதுகில் காலிகோ துணி, உள்ளே மணியத்தின் படங்கள், கதைக்கு நடுநடுவே சோப்பு விளம்பரம். பைண்டு செய்தவர் ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டதால் பல வரிகளில் கடைசி எழுத்து இல்லை. 'வந்தியத்தேவ' என்று வரி நின்றுவிடும். மிச்சத்தை ஐயா மனப்பாடத்திலிருந்து போட்டுக்கொள்வார். "அவசியம் படிங்க" என்பார். "கொடுங்களேன்" என்றால், "கடையில கிடைக்குதே" என்று பைக்குள் வைத்துவிடுவார். 2022-இல் படம் வந்தாலும் வந்தது, அதில் விட்டுப்போனதைச் சொல்லவே அவருடைய ஐந்து நிமிஷமும் போதவில்லை.

அடுத்தவர் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தம்பி. தலையணைக்கு ஆகாத புத்தகம் அவர் கணக்கில் புத்தகமே இல்லை. 'விஷ்ணுபுரம்' அவருடைய ஆரம்ப டோஸ். "முதல் நூறு பக்கம் கொஞ்சம் சிரமமா இருக்கும் சார். தாண்டிட்டீங்கன்னா அதுவே இழுத்துட்டுப் போயிரும்." முதல் மடக்குதான் கசக்கும் என்று கஷாயம் கொடுக்கிறவரின் அதே குரல். தாண்டி வந்தவர்களுக்கு அடுத்து 'வெண்முரசு': 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் எழுதிய 26 நாவல்கள். "எல்லாம் வேண்டாம் சார், இப்போதைக்கு 'முதற்கனல்' மட்டும்" என்பார். மருந்துக்கடையில் 'இப்போதைக்கு இது மட்டும்' என்று வாங்கி வந்தவர்களுக்கு மீதி தெரியும்.

வங்கியில் வேலை பார்க்கும் அக்காவின் பாணி தனி. 'மோகமுள்' என்று ஆரம்பித்தால் கும்பகோணம், பாபு, ரங்கண்ணாவிடம் பாட்டு, யமுனா என்று கடைசி அத்தியாயம்வரை ஒரு பைசா விடாமல் கணக்கு முடித்துவிட்டு, "மீதியை நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்" என்று உட்காருவார். மீதி என்று தேடினால் பதிப்புரையும் விலையும்தான் இருக்கும்.

இன்னொருவர் எதையுமே முதல் தடவையாகப் படிப்பதில்லை. எதைச் சொன்னாலும், "இப்பத்தான் மறுவாசிப்பு பண்ணிட்டிருக்கேன்" என்பார். போன வாரம் வெளிவந்த புத்தகமாக இருந்தாலும் அப்படித்தான்.

இந்தக் கூட்டத்துக்கு ஒருநாள் கல்லூரி மாணவன் ஒருவன் வந்து, "நான் இதுவரைக்கும் பாடப் புத்தகம்தான் படிச்சிருக்கேன். எதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுவிட்டான். பாவம், அவனுக்கு எங்களைத் தெரியாது. நாலு பக்கமிருந்தும் தலைப்புகள் பறந்தன. "இன்னுமா 'ஜே.ஜே: சில குறிப்புகள்' படிக்கலை?" என்று மறுவாசிப்புக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பையன் போனில் குறித்துக்கொண்டே வந்தவன், வெண்முரசின் 26-ஐக் கேட்டதும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நூலகர் அம்மா அதுவரை பேசவில்லை. "தம்பி, காலேஜ் விட்டு வந்தா சாயந்தரம் என்ன பண்ணுவே?" என்றார்.

"மாட்டைப் பாக்கணும் மேடம். ஜல்லிக்கட்டுக் காளை ஒண்ணு நிக்குது. நடை, நீச்சல் எல்லாம் நான்தான்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' எடுத்துவந்து கொடுத்தார். 1959-இல் வந்த குறுநாவல். மொத்தமே நூறு பக்கத்தைத் தொடாது. மெடிக்கல் ஷாப் தம்பி சிரமப்படச் சொல்கிற தூரத்துக்குள் இது முடிந்தே போய்விடும். அடுத்த கூட்டத்தில் பையன், "மாடு அணையறவன் கை எங்க போகும்னு பாத்து எழுதியிருக்காரு. இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்றான். எங்கள் வட்டத்தில் அந்தப் புத்தகத்தைப் பற்றி யாரும் அப்படி ஒரு விமர்சனம் சொன்னதில்லை.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டாவதைத் தாண்டிக் குதித்து நேராக மூன்றாவதில் இறங்குகிறவர்கள் நாங்கள். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறோம். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. அதைத் தலைமையாசிரியர் ஐயாவிடம் சொல்ல இதுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

என்னையும் யாரும் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. பிழைக்கக் கப்பலேறிய தாத்தா யாருக்காவது இருந்தால், இந்தோனேசியாவின் மேடானில் இளமைக் காலத்தில் வேலை பார்த்த ப. சிங்காரம் எழுதி 1972-இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'. இதில் மூன்றாவது மட்டும் கொஞ்சம் பெரியது. ஆனால் முதல் நூறு பக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

உங்களிடம் யாராவது 'எதைப் படிக்கலாம்' என்று கேட்டால், சாயந்தரம் என்ன செய்வார் என்று முதலில் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள். முடிவைச் சொல்லாதீர்கள்.