குயிலாப்பாளையத்து வாசற்கல்லின் வண்ணநிலை: ஒரு சிக்கன ஆய்வு

தமிழாய்வுலகம் கீழடிக்குப் போயிற்று, அரிக்கமேட்டுக்கும் போயிற்று. அரிக்கமேட்டுக்குப் போகிற வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் குயிலாப்பாளையத்துக்குள் திரும்பி, வீட்டுப் படியிலிருந்து தெருவரை பதித்த பேவர் பிளாக் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது என்று கேட்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வெல்லை. சிவப்பு என்று சொல்லி விற்கப்பட்டு, இன்று என்ன நிறம் என்று வீட்டுக்காரரே சொல்லத் தயங்கும் பழங்கற்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. பெயர்த்துப் போட்டுவிட்டு கிரானைட் பதிப்பவர்கள் எல்லைக்கு வெளியே. அவர்களிடம் பணம் இருக்கிறது, ஆய்வு தேவையில்லை.

வெளுப்புக்குக் காரணம் மரக்காணம் என்பது ஊரார் கொள்கை. வடக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் உப்பளம், வாடைக்காற்று அங்கிருந்து உப்பை வாரி வந்து கல்லில் அப்புகிறது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் சிலர் கொள்வதால் இதற்கு ஒரு சங்ககால மிடுக்கும் சேர்ந்துவிடுகிறது. ஆயினும் நிற்காது. வாடை வீசுவது வடகிழக்குப் பருவத்தில். அப்போது பாத்திகளில் மழைநீர் நின்று உப்பெடுப்பே நின்றுபோகிறது. இல்லாத உப்பைக் காற்று எங்கிருந்து வாரும்? மேலும், உப்பென்றால் வாசல் தெளிக்கும் தண்ணீரிலேயே கரைந்திருக்க வேண்டும். இந்த வெள்ளையோ தண்ணீருக்கு அசைவதில்லை. எலுமிச்சம்பழச் சாறு நாலு சொட்டு விட்டால் நுரைக்கிறது. ஆகவே இது சுண்ணாம்பு. சிமென்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி வெள்ளைப் படலமாகப் படிகிறது. கொத்தனார் 'உப்பு பூத்திருக்கு' என்று சொல்வதும் இதைத்தான். மரக்காணம் இவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறது.

கல்லுக்குள் கலந்த சிவப்பும் உண்மையில் சாகவில்லை. அது இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கு வெளுக்கிற சரக்கல்ல. மேல்தோல் தேய்ந்து உள்ளிருந்த மணலும் ஜல்லியும் முகம் காட்டுகின்றன. அதன்மேல் சுண்ணாம்புப் படலம். இரண்டும் சேர்ந்து சிவப்பை மறைக்கின்றன, அவ்வளவே.

இனி மண். மேற்கே ஆரோவில் மேடு முழுதும் செம்மண். 1968 பிப்ரவரி 28 அன்று அங்கே 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டார்கள். எந்த நாட்டு மண்ணும் இதுவரை தாழியை விட்டு எழுந்து வந்து எந்தக் கல்லிலும் படியவில்லை. படிவதெல்லாம் உள்ளூர்ச் செம்மண்தான். கோடையில் ஒரு வேன் போனால் போதும். இத்தரவு பின்னால் பயன்படும்.

பரிகாரம் குறித்து மூன்று மதங்கள் உள்ளன. மணிமேகலை வஞ்சியில் சமயக்கணக்கர் ஒவ்வொருவர் திறமும் கேட்டறிந்தாள். இவ்வாய்வாளர் ஹார்டுவேர் கடை வாசலில் கேட்டறிந்தார். தேய்ப்புவாதிகள் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். வெள்ளை போகும், கூடவே சிமென்ட் தோலும் போகும், சொரசொரத்த கல் அழுக்கை முன்னைவிட வேகமாக உண்ணும். பூச்சுவாதிகள் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்கள். பெயிண்ட் கல்லின்மேல் உட்காருகிறதே தவிர உள்ளே போவதில்லை. அடியிலிருந்து ஏறும் ஈரம் அதை மழைக்காலத்தில் அப்பளமாக உரித்துவிடுகிறது. ஆனால் இம்மதத்துக்கு அரசின் ஆதரவு உண்டு. பெரிய மனிதர் வருகிறார் என்றால் முதல்நாள் இரவே சாலையோரக் கல்லெல்லாம் வெள்ளையடைகிறது. அங்கே பூச்சின் ஆயுளும் வருகையின் ஆயுளும் ஒன்றாகிவிடுவதால் குறைசொல்ல இடமில்லை.

மூன்றாமவர் ஊட்டல்வாதிகள். நிறம் கல்லுக்குள் இறங்க வேண்டும் என்பது அவர்கள் சித்தாந்தம், நாமும் அதுவே. டப்பாவில் வரும் கான்கிரீட் ஸ்டெய்னின் விலையைக் கேட்டபின் இச்சித்தாந்தம் சற்று ஆட்டம் காணும். கலங்க வேண்டாம். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்றும் உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்றும் விற்பது ஒரே பொருள். உரக்கடையில் மலிவு. இப்பக்கத்து மணிலாக் கொல்லையில் இலை மஞ்சளித்தால் லிட்டருக்கு 5, 10 கிராம் கரைத்துத் தெளிக்கும் அதே இளம்பச்சைத் தூள்தான். மணிலாவுக்குப் பசுமையைத் தருவது கல்லுக்குச் செம்மையைத் தருகிறது.

கல்லுக்கு அளவு கூட வேண்டும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. பிளாஸ்டிக் வாளி, கையுறை, பழைய லுங்கி. புது வேட்டியோடு இறங்கினால் கல்லுக்கு முன் வேட்டி ஆய்வுப்பொருளாகிவிடும். கல்லைப் பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். உறிஞ்சினால் சரி; உருண்டு நின்றால் வண்டி எண்ணெயோ பழைய பாலிஷோ தடுக்கிறது. கைத்தெளிப்பானால் தெளித்தவுடன் ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டார் சிரிப்பதும் இக்கட்டத்தில்தான். சில மணி நேரத்தில் மஞ்சள், மறுநாள் துருக்காவி. கல்லிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்து இரும்பு தங்கிவிடுகிறது. காற்றுப் பட்டுத் துருவாகிறது. பழங்கல்லில் மேற்சுண்ணாம்பு வலுவிழந்திருப்பதால் முதல் கைக்கு நிறம் சோனியாகத்தான் வரும். முன்கூட்டியே சுண்ணாம்புத் தெளிநீர் தெளித்தால் குறை ஓரளவு தீரும். இரண்டாம் கையும் வேண்டியிருக்கும். திட்டுத்திட்டாக வருவதைத் தடுக்க முடியாது. அதை இயற்கையழகு என்று கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் வாடகையில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முன்சொன்ன தரவு இங்கே கைகொடுக்கிறது. வந்த நிறம் செம்மண் நிறம். இனிப் படியும் புழுதி தெரியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: டீயும் நாட்டுவாதுமை இலையும் துவர்ப்புப் பொருட்கள். இரும்பு ஊறிய கல்லில் விழுந்தால் கறுத்துவிடும். அன்னபேதியையும் கடுக்காயையும் சேர்த்து மை காய்ச்சிய நாடு இது. டீ கிளாஸைக் கல்லில் வைத்தவர் யார் என்று வட்டமாக எழுத்தில் பதிந்துவிடும்.

எஞ்சியது மதிப்பீடு. பேவர் பிளாக்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 15658 முதலில் 2006இல் வந்தது. கனம் உண்டு, வலிமை உண்டு, நீர் உறிஞ்சும் அளவு உண்டு; கோலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளுத்த கல்லில் வெள்ளைக் கோலம் தெரியாது என்பதால்தானே வீட்டில் இப்பேச்சே எழுந்தது! ஆகவே மறுநாள் விடியலில் எதிர்வீட்டு ஆயாவே புறத்தேர்வாளராக அமைந்தார். காவித் தரையில் கோலம் பளிச்சென்று எழுந்தது. இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்ப்பா, கலரெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கல்லை இப்படி வளைச்சு வளைச்சுப் போட்டது யாரு? புள்ளி பூரா சந்துல போயி உழுவுது."

இது வடிவம் பற்றிய கேள்வி. நிறம் பற்றிய ஆய்வின் எல்லைக்குள் வராது என்று முறைப்படி விடை கூறப்பட்டது. ஆயா அவ்விடையை ஏற்கவில்லை.