முறுக்கோடு ஒரு நலம் விசாரிப்பு

டான்சில் ஆபரேஷன் குழந்தைக்கு ஒரு வார லீவு. நாற்பது வயதுக்காரருக்கு இரண்டு வாரத் தண்டனை. சமாளித்துவிட்டோம் என்ற மிதப்பு வரும் ஐந்தாம் நாளுக்கு மேல்தான், வெட்டிய இடத்து வெள்ளைப் பொருக்கு உதிர ஆரம்பித்து வலி சுயரூபம் காட்டும். தொண்டையில் புண், குத்துவதோ காதில்! இரண்டுக்கும் ஒரே நரம்பாம். டாக்டர் எழுதிக்கொடுத்த ஐஸ்கிரீமை, "சளி பிடிக்கும்" என்று ஃப்ரீஸரிலேயே பூட்டிவைத்து வெந்நீரை நீட்டுவார் அம்மா. விசாரிக்க வரும் பெரியம்மா கையில் முறுக்குப் பொட்டலம். "உப்புத்தண்ணி கொப்பளிச்சா போற வியாதிக்குக் கத்தி எதுக்குடா?" பதில் சொல்லத் தொண்டை ஒத்துழைக்காது. "பரவாயில்ல, ஆபரேஷனுக்கப்புறம் எதிர்த்துப் பேசுறதே இல்ல" என்று அம்மாவிடம் மெச்சிவிட்டு, முறுக்கை நறுக்கென்று தானே கடிப்பார்.